வழிநெடுக விருந்து

இந்த இரண்டாவது ஹெல்மெட் யாருக்கு என்றுதானே பார்க்கிறீர்கள், தம்பி? தாராளமாகப் பாருங்கள். ஐந்து நாளாக எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஒற்றை ஆளாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான், பின் சீட்டில் ஒரு ஹெல்மெட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான், இவனுக்கு என்ன கோளாறு என்று. கோளாறு ஒன்றுமில்லை. அது என் சம்சாரத்துக்கு. அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன்.

எஞ்சினை அணைத்துவிடுங்கள். செங்கோட்டை வண்டி இன்னும் கீழக்கடையம் ஸ்டேஷனுக்கே வந்து சேரவில்லையாம். அது வந்து, நின்று, புறப்பட்டு, நம்மைத் தாண்டிப் போனால்தான் கேட்டைத் தூக்குவார்கள். தங்கச்சி இறங்கி அந்த வேப்பமர நிழலில் நிற்கட்டும். வெயில் என்ன போடு போடுகிறது.

இது என் வண்டி இல்லை. வாடகை வண்டி. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் எடுத்தேன். அறுபத்திரண்டு வயதில் இவ்வளவு கனத்த வண்டி எதற்கு சார், ஸ்கூட்டர் தரட்டுமா என்று கடைக்காரன் கேட்டான். இதுதான் வேண்டும் என்றேன். கல்யாணமான புதிதில் என்னிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. இதே சத்தம். நான் தெருமுனையில் திரும்பும்போதே உலகம்மைக்குக் கேட்டுவிடும். உலகம்மை என்பது அவள் பெயர். கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒரு நாள்கூட நான் கதவைத் தட்டிவிட்டு நின்றதில்லை. அப்படி ஓர் ஒழுங்கு.

இப்போது சென்னையில் இருக்கிறோம். பிள்ளை குட்டி கிடையாது, நாங்கள் இரண்டு பேர்தான். போன மாதம் பென்ஷன் விஷயமாக வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறேன், கதவு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை.

சின்ன மனஸ்தாபம், தம்பி. எந்த வீட்டில் இல்லை? அதற்கு முந்தின வாரம் அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. காற்றில் கதவு சாத்திக்கொண்டது. கவனம் போதாது அவளுக்கு, எப்போதுமே போதாது. ஆஸ்பத்திரியில் நான்தான் சொன்னேன், காற்று என்று. அந்த டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காத்துதான்" என்று அவளும் சொன்னாள். அவள் வாயாலேயே சொன்னாள். பிறகு எதற்குக் கோபம்?

ஒரு மாதம் பொறுத்தேன். போனை எடுக்கவில்லை. சரி, சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் பார்த்து நமக்கும் வருஷக்கணக்காகிறது, ஒரு சுற்றுப் போய்வருவோம், அவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ அங்கே ஏற்றிக்கொள்வோம் என்று கிளம்பினேன். பஸ் என்றால் பஸ்ஸுக்காக நாம் காத்து நிற்க வேண்டும். எனக்குக் காத்து நிற்பது ஆகாது.

முதலில் சேரன்மகாதேவி. அவளுடைய அண்ணன் வேலாயுதம் வீடு. முப்பத்துமூன்று வருஷத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வாசலுக்கே வந்து நின்றுகொண்டு, "வாங்க மாப்ளே, வாங்க வாங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"உலகு வந்தாளா மச்சான்?"

"இங்கயா? வரலியே மாப்ளே. ஏன், ஊருக்கு வந்திருக்காளா?"

"நாலு நாள் இருக்கலாம்னு வந்திருக்கா போல."

"அப்படியா, நல்ல காரியம். மொதல்ல கையக் கழுவுங்க. இலை போட்டாச்சு."

மணி பதினொன்று. பதினொரு மணிக்கு யார் வீட்டில் இலை போடுவார்கள்? இப்போதுதான் டிபன் சாப்பிட்டேன் மதினி என்றேன். மதினி விடவில்லை. "வீட்டு மாப்பிள்ள வந்த காலோட திரும்பிப் போனா ஊரு எங்களை என்ன சொல்லும்?" என்று என் முன்னாலேயே செம்பில் தண்ணீரை நீட்டுகிறாள். சோறு வைத்த பிறகுதான் பாயசத்துக்குச் சேமியா வறுக்கவே ஆரம்பிக்கிறார்கள். நான் ரசம் சாப்பிட்டு முடித்து, காய்ந்த கையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மச்சான் எதிரில் உட்கார்ந்து தன்னுடைய வாய்க்கால் தண்ணீர் வழக்கை முதல் விசாரணையிலிருந்து சொல்கிறார். இரண்டரை மணி நேரம், தம்பி! மறுவீட்டுக்குப் போனபோதுகூட எனக்கு அப்படி ஓர் உபசாரம் நடக்கவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனபோது ஒன்று பார்த்தேன். துவைக்கிற கல் மேல் பாதி குடித்த காப்பி, டம்ளரோடு ஆறிக் கிடந்தது. மதினிக்கு வயிற்றுப் புண், காப்பியைத் தொடமாட்டாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் சிநேகிதர்கள் வீடு. பாபநாசத்தில் குளித்தேன். வண்டி என்னமாய்ப் போகிறது, மலைப்பாதையில்! எந்த வீட்டுக்குப் போனாலும் நான் வருவது அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை. வாசலில் நிற்கிறார்கள், இலை போட்டிருக்கிறார்கள். நமக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருந்து படுத்துவிட்டுப் போ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. படுக்கை லாட்ஜில்தான்.

நேற்று கல்லிடைக்குறிச்சி. உலகம்மையின் தங்கை பூரணி வீடு. சகலை லீவு போட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். புளிக்குழம்பு. ஒரு வாய் பிசைந்து வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அது உலகம்மை வைத்த குழம்பு.

எப்படிச் சொல்கிறேன் என்றால், அவள் தாளிக்கும்போது வெந்தயம் ஒரு நொடி கூடுதலாகக் கருகும். அந்த ஒரு நொடிக் கசப்பு அடிநாக்கில் நிற்கும். முப்பத்துமூன்று வருஷம் சொல்லியிருக்கிறேன். நல்ல வார்த்தையில் சொல்லியிருக்கிறேன், தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்லியிருக்கிறேன், சுவரில் குழம்பு வடிய வடியச் சொல்லியிருக்கிறேன். திருந்தவில்லை. "உங்க வண்டிச் சத்தம் கேட்டா எனக்குக் கை நிதானம் போயிருது" என்பாள். வண்டிச் சத்தத்துக்கும் வெந்தயத்துக்கும் என்ன தம்பி சம்பந்தம்? நீங்களே சொல்லுங்கள்.

அவள் யார் வீட்டிலும் சும்மா உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். ஒரு வாய்க் காப்பி குடித்தாலும் பத்துப் பாத்திரமாவது தேய்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நான் பழக்கிய பழக்கம் அது. தங்கை வீட்டில் இருக்கிற வரைக்கும் அடுப்படி அவள் கையில்தான் இருந்திருக்கும். அவசரத்தில் அந்தக் குழம்பையே எனக்கு ஊற்றிவிட்டார்கள். அவள் வைத்ததை என் இலையில் ஊற்றிவிட்டு, அவள் இங்கே வரவே இல்லை என்று சாதிக்கிறார்கள்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து பூரணி" என்றேன்.

ஊற்றிக்கொண்டே கேட்கிறாள். "நல்லாருக்கா அத்தான்?"

"உங்க அக்கா கைப்பக்குவம் அப்படியே இருக்கு."

"ஒரே அம்மாகிட்ட படிச்சதுதான அத்தான்."

எப்படிப் பதில் பார்த்தீர்களா? அந்தக் குடும்பத்துக்கே நாக்கு நீளம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவளை அடுத்த வீட்டுக்குக் கடத்துகிறார்கள். நான் புறப்பட்டதும் அடுத்த வீட்டுக்குப் போன் போகிறது. அங்கேயும் இலை. இலை முன்னால் உட்கார்ந்தவன் பாதியில் எழுந்திருக்க முடியாது, அது வீட்டுக்காரனைச் செருப்பால் அடிக்கிறதற்குச் சமம். நான் மரியாதை தெரிந்தவன். அந்த மரியாதையை வைத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். பாயசம் கொதிக்கிற நேரத்தில் என் பெண்டாட்டி ஆட்டோ ஏறிவிடுகிறாள்!

தங்கச்சி நிழலை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்து நிற்கிறது? கேட்கட்டும், கேட்கட்டும். குடும்பப் பெண் கேட்க வேண்டியதுதான்.

இன்று காலையில் அம்பாசமுத்திரம். இசக்கி வீடு. இசக்கி என் சிநேகிதன், அவள் பக்கத்து ஆள் இல்லை. ஒரே ஆபீஸில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவன் அப்படிச் செய்யமாட்டான் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனுக்கு என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"ஏ லிங்கம்! சத்தமே கேக்கலியடே."

"உலகு எங்கே?"

"மொதல்ல உக்காரு. ஏட்டி, இலையப் போடு!"

பத்து மணிக்கு இலை! அவன் சம்சாரம் பேச்சியம்மாள் ஓடிவந்து இலையை விரித்து, ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டு நிற்கிறாள். சோறே வடிக்கவில்லை போலிருக்கிறது. நான் உட்காரவில்லை.

"சாப்பிடுடே."

"வேண்டாம்."

"போட்ட இலைய விட்டுட்டுப் போவியா?"

"போவேன்."

அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான், தம்பி. "ஒரு வாய்டே லிங்கம். ஒரே ஒரு வாய். உன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"நீ எனக்குச் சிநேகிதனா, அவளுக்கா?"

"அந்த விரலை நான் பாத்துட்டம்டே."

"அது காத்து."

"முப்பது வருசமா உங்க வீட்டுல மட்டும் என்னடே அப்படி ஒரு காத்து?"

கேட்டுவிட்டான். என் சிநேகிதன் கேட்கிற கேள்வி. அதற்குள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பேச்சியம்மாள் குரல். வெளியூருக்குப் போன் என்றால் கத்திப் பேச வேண்டும் என்று அவளுக்கு நினைப்பு. "தேவகனியக்கா! வந்துட்டாவ! இல்லக்கா, சாப்பிடல, எந்திரிச்சே நிக்காவ! உலகக்காவ அனுப்பிருங்க!"

இசக்கி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

தேவகனியை எனக்குத் தெரியும். உலகம்மையோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆகி, இதோ இந்தக் கீழக்கடையத்தில் தனியாக இருக்கிறாள். கல்யாணமே செய்துகொள்ளாதவள். அவளுக்கு என்ன தெரியும் குடும்பத்தைப் பற்றி? ஸ்டேஷனுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வயல்தான். உலகம்மை ரயில் ஏறிவிடக் கூடாது என்று ஓட்டினேன் பாருங்கள், இருபது வயதில்கூட அப்படி ஓட்டியிருக்கமாட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது உலகம்மை பின்பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை, ஜிப் போட்டு. புறப்படாமல் உட்கார்ந்திருந்தாள். தேவகனிதான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என் முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, உள்ள வரப்படாது."

"என் பெண்டாட்டியைப் பாக்க எனக்கு நீ யாரு?"

"போலீஸுக்குச் சொல்லிருவேன்."

"சொல்லு. எந்த ஸ்டேஷன்னு நானே சொல்லட்டுமா?"

உலகம்மை எழுந்தாள். மடியில் இருந்த கீரையை உதறினாள். "விடு தேவகனி. எத்தன வீடுன்னு நானும் ஓடுவேன். ஒரு இலை அறுத்துட்டு வா, சாப்பாடு போட்டுருவோம்" என்றாள்.

பார்த்தீர்களா? யார் யாரோ குறுக்கே நின்றார்கள். கடைசியில் அவளுக்குத்தான் தெரிந்தது. என் வயிறு குளிர்ந்துவிட்டது, தம்பி.

பலகையைத் தெற்குப் பார்த்துப் போட்டாள். இலையின் நுனி என் வலது கைப்பக்கம் வருகிற மாதிரிப் போட்டாள். செத்துப்போனவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி. உயிரோடு இருக்கிறவனுக்கு நுனி இடது பக்கம். இதெல்லாம் எங்கள் அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, ஒரு நாள் தவறியதில்லை. நான் சிரித்துவிட்டு இலையைத் திருப்பிப் போட்டேன். அவள் குனிந்து பழையபடியே திருப்பி வைத்தாள். அந்தச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது. சரி, தேவகனி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அவள் வீட்டில் ஒரு நாள் இருந்ததில் முறையெல்லாம் மறந்துவிட்டது, கை வேறு நடுங்கும், இத்தனை நாள் கழித்துப் புருஷனைப் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் கை நடுங்கவில்லை. அது ஒரு ஆச்சரியம். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்தாள். சோறு, குழம்பு, கீரை, அப்பளம். வைத்துவிட்டு எதிரே நின்று இரண்டு கையையும் கூப்பினாள். ஆமாம் தம்பி, கூப்பினாள். கல்யாணத்தன்று ஐயர் சொன்னதற்காகக் கும்பிட்டது, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். நான் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. பெருந்தன்மையாகச் சாப்பிட்டேன். மறுசோறு கேட்டபோது, "ஒரு தடவதான்" என்றாள். வடித்தது கொஞ்சம் போலிருக்கிறது.

"வயிறு நெறஞ்சுதா?"

"நெறஞ்சுது."

"அப்பச் சரி."

அவளே இலையை எடுத்தாள். அப்புறம் கிணற்றடிக்குப் போனாள். உச்சி வெயில். கட்டின புடவையோடு நின்றுகொண்டு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறாள். தேவகனி இறைத்து இறைத்துக் கொடுக்கிறாள், அழுதுகொண்டே கொடுக்கிறாள். அவள் எதற்கு அழுகிறாள்? ஏழெட்டு வாளி இருக்கும். நெற்றியில் இருந்த குங்குமமெல்லாம் கரைந்து மூக்கு வழியாக ஓடுகிறது. இந்தப் புழுக்கத்தில் எனக்கே குளிக்கலாம் போல இருந்தது.

"போதும் உலகு, கிளம்பு. வண்டி நிக்குது" என்றேன்.

தேவகனிதான் பதில் சொன்னாள். இதுவரைக்கும் சண்டைக்கு நின்றவள், குரலே மாறிவிட்டது, தேன் மாதிரி. "ஈரப் புடவையோட எப்படி அண்ணாச்சி வண்டியில ஏறுவா? கொண்டுவந்த ரெண்டும் நனச்சுப் போட்டாச்சு. என் சேலை அவளுக்கு எட்டாது. தென்காசியில ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்களேன். புதுப் புடவை கட்டியே கூட்டிட்டுப் போங்க."

நியாயமான பேச்சு. படித்தவள், எவ்வளவு நேரம் தப்பான பக்கம் நிற்பாள்? புதுப் புடவை எடுத்துக் கொடுத்துத்தான் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவள் கேட்டதில்லை. "போயிட்டு வாரேன் உலகு" என்றேன். அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டு நின்றாள். "வாங்க" என்று சொல்லவில்லை. காதில் தண்ணீர் போயிருக்கும்.

வழியில் பெட்ரோல் போட்டேன், ஒரு டீ குடித்தேன். இங்கே வந்தால் கேட்.

தங்கச்சி, நீ சொல்லேன். மாநிறத்துக்கு என்ன கலர் எடுக்கலாம்? பச்சை எடுக்கட்டுமா? என்ன தம்பி, பேச மாட்டேன் என்கிறதே. கூச்சமா?

இதோ, வந்துவிட்டது வண்டி. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் தம்பி, என்னைப் போல. புழுதியை அள்ளிக்கொண்டு வரும். அப்பா! என்ன வேகம். எத்தனை பெட்டி.

போயிற்றா? கண்ணெல்லாம் தூசி. என்ன, தங்கச்சி யாருக்கு அப்படிக் கை காட்டுகிறது? தெரிந்தவர்களா? இல்லையா? தெரியாதவர்களுக்கா இப்படி, இரண்டு கையையும் தூக்கி? அழுகிறது மாதிரி வேறு இருக்கிறது. தம்பி, இதையெல்லாம் நீங்கள் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். சிறு வயது, இப்போதே சொல்லி வைத்தால்தான் உண்டு.

கேட்டைத் தூக்கிவிட்டார்கள். நீங்கள் முன்னால் போங்கள், போங்கள், உங்களுக்கு அவசரம் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஈரப் புடவையோடு அவள் எங்கே போய்விடப் போகிறாள்?